பார்த்தால் நிஜத் துப்பாக்கி, சுட்டால் பிளாஸ்டிக் குண்டு! எந்தக் கம்பெனியின் துப்பாக்கி சிறந்தது?

அந்தத் துப்பாக்கியைப் பார்த்தால் ராணுவ வீரர்கூட ஒரு கணம் ஏமாந்து போவார். அதே நீளம், அதே நிறம், அதே அமைப்பு. விசையை அழுத்தினால் பட படவென்று குண்டுகள் பறக்கின்றன.

ஆனால் வெளியே வருவது ஈயக் குண்டு அல்ல. மிளகைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் குண்டு!

இதற்கு "ஏர்சாப்ட்" துப்பாக்கி என்று பெயர். பிறந்த இடம் ஜப்பான். இன்று ஜப்பான், தைவான், ஹாங்காங், சீனா ஆகிய இடங்களில் பல கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு இதைத் தயாரிக்கின்றன. உலகம் எங்கும் லட்சக்கணக்கானவர்கள் இதை வைத்துப் போர் விளையாட்டு விளையாடுகிறார்கள்.

இவற்றில் எந்தக் கம்பெனியின் துப்பாக்கி சிறந்தது? எதை வைத்து அளப்பது? அழகையா? வேகத்தையா? குறி தவறாமையையா? அல்லது இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறதா? பார்ப்போம்.

ஆசை பிறந்த கதை

ஜப்பானில் நினைத்தவர்கள் எல்லாம் துப்பாக்கி வாங்கிவிட முடியாது. துப்பாக்கியும் வாளும் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே 1958-ம் ஆண்டில் வந்தது. பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள இடமே இல்லை. வேட்டைத் துப்பாக்கிக்கும் கடுமையான சோதனைகளுக்குப் பிறகுதான் லைசென்சு கிடைக்கும்.

கிடைக்காத பொருளின் மேல்தானே ஆசை அதிகம்! நிஜத் துப்பாக்கியைப் போன்ற உலோக மாதிரிகள் கடைகளில் விற்பனைக்கு வந்தன. இவை சுடமாட்டா. அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், பிரித்துப் பூட்டிப் பார்க்கலாம்.

ஆனால் சுடாத துப்பாக்கியும் ஆளைப் பயமுறுத்துமே! அதனால் 1971-ம் ஆண்டில் புதிய விதி வந்தது. உலோகத்தால் செய்த மாதிரிக் கைத்துப்பாக்கிகளின் குழலை அடைத்துவிட வேண்டும். வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் பூச வேண்டும். இந்த நிற விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வரப் போகிறது.

1970-களில் காற்றின் விசையால் பிளாஸ்டிக் குண்டைத் தள்ளும் துப்பாக்கிகள் வந்தன. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத்தான் சுட வேண்டும். 1980-களில் வாயுவால் சுடும் துப்பாக்கிகள் பரவின. தொடர்ந்து சுட வேண்டுமானால் வாயுத் தொட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு, அதிலிருந்து துப்பாக்கிக்குக் குழாய் மாட்ட வேண்டும். பூச்சிமருந்து அடிப்பவரைப் போல இருக்கும்!

ஒரு மோட்டார் செய்த மாறுதல்

டோக்கியோ நகரில் 1965-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட கம்பெனி "டோக்கியோ மருயி". 1991-ம் ஆண்டில் அது ஒரு புதுமை செய்தது. பிரெஞ்சு ராணுவத்தின் "பாமாஸ்" துப்பாக்கியைப் போல ஒன்று செய்து, அதற்குள் ஒரு சிறு மோட்டாரையும் பேட்டரியையும் வைத்தது. வாயுத் தொட்டியும் வேண்டாம், குழாயும் வேண்டாம். விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். குண்டுகள் வந்துகொண்டே இருக்கும்.

பிறகு அமெரிக்காவின் எம்-16, ரஷ்யாவின் ஏ.கே.-47 ஆகியவற்றைப் போன்ற துப்பாக்கிகளும் வெளிவந்தன.

உள்ளே நடப்பது என்ன? சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதேபோல இதிலும் ஓர் உருளை இருக்கிறது. அதற்குள் ஒரு தண்டு. தண்டின் பின்னால் வலுவான ஸ்பிரிங். விசையை அழுத்தியதும் மோட்டார் சுழலுகிறது. மூன்று பல்சக்கரங்கள் ஒன்றை ஒன்று சுழற்றுகின்றன. கடைசிச் சக்கரத்தில் பாதிப் பக்கம் மட்டுமே தண்டைப் பிடித்து இழுக்கும் பற்கள் உண்டு. பல் இருக்கும் வரை தண்டு பின்னுக்கு இழுபடும், ஸ்பிரிங் அமுங்கும். பல் முடிந்ததும் பிடி விட்டுப்போகும். ஸ்பிரிங் தண்டை முன்னுக்குத் தள்ளும். உருளையில் உள்ள காற்று, குண்டை வெளியே துரத்தும். ஒரே விநாடியில் பத்துத் தடவைக்கு மேல் இப்படி நடக்கிறது!

மருயி செய்த இந்தச் சக்கரப் பெட்டியின் அமைப்பையும் அளவையும் மற்றக் கம்பெனிகளும் பின்பற்றின. ஒரு கம்பெனியின் பல்சக்கரம் மற்றொரு கம்பெனியின் துப்பாக்கியில் பெரும்பாலும் பொருந்துவதற்கு இதுதான் காரணம். வெளித்தோற்றத்தில் எத்தனையோ வேறுபாடு இருக்கலாம். உள்ளே பார்த்தால் பெரும்பாலானவை ஒரே குடும்பம்!

ஒரே உருவம், மூன்று கம்பெனி

ஏ.கே.-47 துப்பாக்கியையே எடுத்துக்கொள்வோம். நிஜத் துப்பாக்கியை அமைத்தவர் ரஷ்யாவைச் சேர்ந்த மிகைல் கலாஷ்னிகோவ். அதன் உருவத்தைப் பல கம்பெனிகள் செய்கின்றன. மூன்றை மட்டும் பார்ப்போம்.

ஜப்பானின் மருயி முதலில் செய்த மின்சார ஏ.கே.-47-ல் மரம் போலத் தெரிவது மரம் அல்ல. மரத்தின் நிறமும் வரியும் கொடுத்த பிளாஸ்டிக். தட்டிப் பார்த்தால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த உடனேயே குறி பார்த்துச் சுடலாம். எதையும் மாற்ற வேண்டியதில்லை.

சீனாவின் "சைமா" கம்பெனி, மருயியின் அமைப்பைப் பின்பற்றி விலை குறைவான துப்பாக்கிகளைச் செய்தது. பிளாஸ்டிக் உடல் கொண்டதும் உண்டு. உலோகமும் மரமும் சேர்த்துச் செய்ததும் உண்டு. பணம் குறைவாக உள்ளவர்களும் வாங்க முடிந்தது இதனால்தான். ஆனால் வாங்கியவர்களில் பலர், குண்டைப் பிடிக்கும் ரப்பரையும் மின்கம்பிகளையும் மாற்றிய பிறகுதான் திருப்தி அடைகிறார்கள்.

தைவானின் "எல்.சி.டி." கம்பெனி வேறு வழியில் போயிற்று. எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி உடலைச் செய்தது. நிஜ மரத்தில் கட்டை பொருத்தியது. தூக்கினால் கை வலிக்கும். இரண்டு அடி தூரத்தில் வைத்துப் பார்த்தாலும் பொம்மை என்று சொல்ல முடியாது.

விளையாட்டு மைதானத்தில் நாள் முழுவதும் ஓடி ஆடுகிறவருக்கு இந்தக் கனம் ஒரு சுமை. வீட்டில் மாட்டி வைத்து ரசிப்பவருக்கு அதுவே பெருமை. ஆளுக்கு ஆள் "சிறந்தது" மாறுகிறது, பார்த்தீர்களா?

மற்றக் கம்பெனிகள் என்ன சொல்கின்றன?

மருயியின் எம்-16 வகைத் துப்பாக்கிகள் பிளாஸ்டிக் உடலோடு வந்த காலத்தில், ஹாங்காங்கின் "கிளாசிக் ஆர்மி" உலோக உடலைக் காட்டி வாடிக்கையாளர்களை இழுத்தது.

தைவானின் "ஜி அண்டு ஜி" கம்பெனி, புதிதாக விளையாட வருகிறவர்களைக் கவனத்தில் வைத்தது. நைலான் இழை கலந்த உறுதியான பிளாஸ்டிக்கில் உடல் செய்தது. கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. கனமும் குறைவு.

தைவானிலேயே உள்ள "ஐ.சி.எஸ்." கம்பெனியின் தந்திரம் வேறு. அதன் எம்-4 துப்பாக்கியில் சக்கரப் பெட்டி மேலும் கீழுமாக இரண்டாகப் பிரியும். ஸ்பிரிங் உடைந்தால் மேல் பாதியை மட்டும் எடுத்துப் பழுது பார்க்கலாம். மற்றவற்றில் முழுத் துப்பாக்கியையும் பிரித்துப் போட வேண்டும்.

"வி.எப்.சி." என்ற தைவான் கம்பெனிக்கு வெளித்தோற்றத்தில்தான் புகழ். ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் என்ற நிஜத் துப்பாக்கிக் கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் போட்டு விற்கும் உரிமை, ஜெர்மனியின் உமாரெக்ஸ் கம்பெனிக்கு உண்டு. அந்த உமாரெக்சுக்காகத் துப்பாக்கி செய்து கொடுப்பதும் வி.எப்.சி.தான். எழுத்து, எண், முத்திரை எல்லாம் நிஜத்தில் உள்ளபடியே இருக்கும்.

ஜப்பானின் "சிஸ்டமா" இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பயிற்சிக்கென்றே அது செய்த எம்-4 மாதிரி, மருயியின் அமைப்பைப் பின்பற்றவில்லை. சூரியனைக் கிரகங்கள் சுற்றுவதுபோல ஒரு சக்கரத்தைச் சுற்றி மற்றச் சக்கரங்கள் சுற்றும் அமைப்பு அதில் இருந்தது. குண்டு தீர்ந்ததும் நிஜத் துப்பாக்கியைப் போலவே நின்றுவிடும். விலையைக் கேட்டால் தலை சுற்றும்!

மருயியும் சும்மா இருக்கவில்லை. 2007-ம் ஆண்டில், சுடும்போது பின்னுக்கு உதைக்கும் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. உள்ளே ஒரு கனமான உலோகத் துண்டு முன்னும் பின்னும் ஓடும். தோளில் "தடக், தடக்" என்று இடிக்கும்.

ஆக, எல்லாக் கம்பெனிகளின் ஓட்டமும் ஒரே திசையில்தான்: நிஜத்தைப் போல, இன்னும் நிஜத்தைப் போல!

வேகம் அதிகமானால் நல்லதா?

வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு வேகமாகச் சுடும்?" என்பதுதான். ஆனால் வேகம் அதிகமாக இருப்பதால் மட்டும் குறி சரியாகிவிடாது.

பிளாஸ்டிக் குண்டின் குறுக்களவு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். எடை வழக்கமாக 0.20 கிராம் அல்லது 0.25 கிராம். இவ்வளவு லேசான குண்டை வெறுமனே தள்ளினால் கொஞ்ச தூரத்திலேயே கீழே இறங்கிவிடும். இதற்கு ஜப்பானியர் ஒரு வழி கண்டார்கள். குழலின் தொடக்கத்தில், மேல் பக்கத்தில் ஒரு சிறு ரப்பர் மேட்டை வைத்தார்கள். குண்டு அதில் உராய்ந்துகொண்டு போகும்போது பின்பக்கமாகச் சுழலுகிறது. டேபிள் டென்னிஸ் ஆட்டக்காரர் பந்தின் அடியில் வெட்டி அடித்தால் அது மிதந்துகொண்டு போகும் அல்லவா? அதே தத்துவம்தான். சுழலும் குண்டைக் காற்று தாங்கிப் பிடிக்கிறது. 40 மீட்டர் வரைகூட ஏறக்குறைய நேராகப் போகிறது.

ஆகவே, தூரத்தைத் தீர்மானிப்பதில் அந்த ரப்பர் மேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அது ஒவ்வொரு குண்டையும் ஒரே மாதிரி சுழற்ற வேண்டும். உருளையில் காற்று கசியக் கூடாது. குழல் வழவழப்பாக இருக்க வேண்டும். ஒரு குண்டு விநாடிக்கு 95 மீட்டர் வேகத்திலும், அடுத்தது 85 மீட்டர் வேகத்திலும் போனால் இரண்டும் ஒரே இடத்தில் எப்படிப் படும்? அதிக வேகமாகச் சுடும் துப்பாக்கியைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் சுடும் துப்பாக்கியே மேல். குறைந்த வேகத்தில் சுடும் மருயி, குறி தவறாமைக்குப் பெயர் வாங்கியது இதனால்தான்.

வேகத்துக்கு ஜப்பானில் எல்லையும் உண்டு. 2005-ம் ஆண்டில், வலுவைக் கூட்டிய காற்றுத் துப்பாக்கிகளால் நெடுஞ்சாலையில் ஓடும் கார்களைச் சிலர் சுட்டார்கள். நாடே கொதித்தது. 2006-ம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. 6 மில்லிமீட்டர் குண்டின் சக்தி 0.98 ஜூலைத் தாண்டக் கூடாது என்பது இப்போது அங்கே கணக்கு.

அது எவ்வளவு? 100 கிராம் எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் உண்டாகும் சக்தி. 0.20 கிராம் குண்டு விநாடிக்கு 99 மீட்டர் வேகத்தில் போனால் இந்தச் சக்தி இருக்கும். நிஜ ஏ.கே.-47 குண்டின் சக்தி ஏறக்குறைய 2,000 ஜூல். இரண்டாயிரம் மடங்கு!

ஜப்பானில் பத்து வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களுக்கென்று தனித் துப்பாக்கி உண்டு. அதன் சக்தி 0.135 ஜூல்தான். முழுச் சக்தி உள்ளது 18 வயதானவர்களுக்கு மட்டும்.

0.98 ஜூல் என்றால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தோலில் பட்டால் சிவந்து வலிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

தெருவில் நடந்த சோகம்

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது துப்பாக்கியின் வாயிலிருந்து வருவதில்லை. அதன் உருவத்திலிருந்து வருகிறது.

2013-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சாந்தா ரோசா நகரம். 13 வயதுச் சிறுவன் ஒருவன் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தான். கையில் ஏ.கே.-47 போன்ற ஏர்சாப்ட் துப்பாக்கி. அது அவனுடையதுகூட அல்ல, நண்பனுடையது.

அந்த வழியே காரில் வந்த போலீஸ் அதிகாரி, துப்பாக்கியைக் கீழே போடும்படி கூவினார். சிறுவன் திரும்பினான். அதிகாரி சுட்டார். சிறுவன் இறந்தான்.

நிஜத் துப்பாக்கி என்று நினைத்துச் சுட்டதாக அதிகாரி சொன்னார். அவர் மீது குற்ற வழக்குத் தொடரப்படவில்லை. ஊரார் கண்ணீரோடும் கோபத்தோடும் ஊர்வலம் போனார்கள். போன உயிர் வரவில்லை.

அமெரிக்காவில் 1989-ம் ஆண்டு முதலே ஒரு விதி உண்டு. இப்படிப்பட்ட துப்பாக்கிகளின் குழல் முனையில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும். பொம்மை என்பதற்கு அதுதான் அடையாளம். சிறுவன் கையில் இருந்த துப்பாக்கியில் அந்த ஆரஞ்சு முனை இல்லை!

மறு ஆண்டே, 2014 நவம்பரில், ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் இன்னொரு துயரம். ஏர்சாப்ட் கைத்துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவன் போலீஸ்காரரால் சுடப்பட்டு இறந்தான். அதிலும் ஆரஞ்சு முனை இல்லை.

இந்தக் கம்பெனிகள் எந்த ஒற்றுமைக்காகப் போட்டி போடுகின்றனவோ, அந்த ஒற்றுமையே தெருவில் எமனாக மாறிவிட்டது.

மறுபடியும் நிறம்

கலிபோர்னியாவில் புதிய சட்டம் 2016-ம் ஆண்டில் அமலுக்கு வந்தது. குழல் முனையில் மட்டும் நிறம் பூசினால் போதாது. விசையைச் சுற்றியுள்ள வளையம் போன்ற வேறு பாகங்களிலும் பளிச்சென்ற நிறம் வேண்டும் என்று அது சொல்கிறது.

பிரிட்டனில் 2007-ம் ஆண்டு முதல், நிஜத்தைப் போன்ற போலித் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை. பொம்மை என்று பார்த்தவுடன் தெரியும்படி நிறம் இருக்க வேண்டும். முறையான மைதானத்தில் விளையாடுகிறவர்கள் போன்ற சிலருக்கே விலக்கு.

ஜப்பானில் 1971-ல் வந்த வெள்ளை, மஞ்சள் விதியை நினைத்துப் பாருங்கள். மற்ற நாடுகளும் அதே பாடத்தைத்தான் படித்தன!

மைதானத்தில் ஒரு நல்ல பழக்கம்

ஒழுங்காக நடக்கும் மைதானங்களில் கட்டுப்பாடு அதிகம். உள்ளே நுழையும்போதே துப்பாக்கியின் வேகத்தைக் கருவி வைத்து அளப்பார்கள். கண்ணாடி அணியாமல் களத்தில் கால் வைக்க முடியாது. ஓய்வு இடத்துக்கு வந்தால் குண்டுப் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும். வீட்டுக்குப் போகும்போது துப்பாக்கியைப் பைக்குள் வைத்து மூடிக்கொண்டுதான் போக வேண்டும்.

இன்னொரு பழக்கம் மனத்தைத் தொடும். பிளாஸ்டிக் குண்டு பட்டால் உடையில் சாயம் ஒட்டாது. பட்டதா இல்லையா என்பது பட்டவருக்கு மட்டுமே தெரியும். ஆகவே குண்டு பட்டவர் தாமே "பட்டுவிட்டது" என்று கையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். பொய் சொன்னால் கேட்பார் இல்லை. ஆட்டமே ஒவ்வொருவரின் நேர்மையில்தான் நடக்கிறது. எந்தக் கம்பெனியும் அதைச் செய்து விற்க முடியாது!

சரி, எது சிறந்தது?

பெட்டியைத் திறந்ததும் குறி பார்த்துச் சுட வேண்டுமா? மருயி. நிஜத்தைப் போலவே கனமும் தோற்றமும் வேண்டுமா? எல்.சி.டி., வி.எப்.சி. புதியவருக்கு அடிபட்டாலும் தாங்கும் துப்பாக்கி வேண்டுமா? ஜி அண்டு ஜி. எளிதில் பழுது பார்க்க வேண்டுமா? ஐ.சி.எஸ். விலை குறைவாக வேண்டுமா? சைமா.

ஆனால் பிள்ளைக்கு வாங்கித் தருகிற பெற்றோர்கள் கம்பெனிப் பெயரைக் கேட்பதற்கு முன்னால் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். நம் ஊர்ச் சட்டம் இதை அனுமதிக்கிறதா? பிள்ளையின் வயதுக்கு ஏற்ற சக்திதானா? கண்ணுக்குக் காப்பு இருக்கிறதா? பொம்மை என்று தூரத்திலிருந்தே தெரியும்படி நிறம் இருக்கிறதா?

நான்காவது கேள்விதான் மிக முக்கியம். தூரத்தில் நிற்கும் போலீஸ்காரர் அது எந்தக் கம்பெனியின் துப்பாக்கி என்று பார்ப்பதில்லை. எஃகா, பிளாஸ்டிக்கா என்று தட்டிப் பார்ப்பதும் இல்லை. உருவத்தைத்தான் பார்க்கிறார். முடிவு செய்ய அவருக்கு இருப்பது சில விநாடிகள்தான்.

அந்தச் சில விநாடிகளில் ஒரு பிள்ளையின் உயிரைக் காப்பாற்றக்கூடியது குழல் முனையில் உள்ள அந்த ஆரஞ்சு நிறம். "இது இருந்தால் அசிங்கமாக இருக்கிறது" என்று அதைக் கழற்றிப் போடவோ, கறுப்பு மை பூசி மறைக்கவோ பிள்ளைகளை விடாதீர்கள். விளையாட்டு முடிந்ததும் துப்பாக்கி பைக்குள் போகட்டும். பிள்ளை வீட்டுக்கு வரட்டும்.